பலாக்கொட்டை அளவு

கத்தியின் முதுகால் பலாப்பழத்தை மூன்று இடத்தில் தட்டுகிறார் செல்லியம்மாள். காதை அதன் முள்ளோடு வைத்து ஒரு நொடி கேட்கிறார். "இது நாளான்னிக்கு ஆவும். அந்தா, அத்த எடுத்துக்கோ, இன்னிக்கே துன்னலாம்." திருப்பத்தூரிலிருந்து வந்தவர்கள் நம்பமாட்டார்கள். பெரியதாகத் தெரிகிற பழத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் அறுத்துப் பார்த்து அசடு வழிந்தபின், அடுத்த வாரம் வந்து அவர் கைகாட்டுகிற பழத்தை மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள்.

மலைமேல், புதூர்நாட்டில் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்தில், புளியமரத்தடியில் அவருடைய கடை. கடை என்றால் ஒரு சாக்கு, ஒரு கத்தி, கையில் பால் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய். வயது ஐம்பத்தேழு. பதினைந்து கிலோ பழத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, ஜீப் டிரைவரைத் திட்டிக்கொண்டே நடக்கிற உடம்பு.

உலகத்தில் எதையும் காயாலும் கொட்டையாலும்தான் அளப்பார். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டினால் "நெல்லிக்கா அளவு". ஆலங்கட்டி விழுந்தால் "புளியங்கொட்டை அளவு". கணவர் சின்னதம்பியின் மூளை இலந்தைக்கொட்டை அளவு என்பது ஊரறிந்த கணக்கு. சின்னதம்பியே அதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய கருப்பையிலேயே ஒரு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. "எலுமிச்சம்பழம் அளவு. சாதாரண நார்க்கட்டிதான், மாசாமாசம் வர்றது நின்னா தானா சுருங்கிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஐம்பத்திரண்டில் நின்றது. கட்டியும் அதோடு போய்த் தொலைந்தது என்று செல்லியம்மாள் அதை மறந்தே போனார்.

போன தை மாதம் அடிவயிற்றில் வலி ஆரம்பித்தது. கத்தி குத்துகிற வலி இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து அழுத்துவது மாதிரி. பழம் தூக்கினால் கூடும், படுத்தால் குறையும். யாரிடமும் சொல்லவில்லை. பழைய புடவையை மடித்துத் தொப்புளுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டார். கேட்டவர்களிடம் வாயு என்றார். டீக்கடை அசோக்குமார் ஓமத்தண்ணீர் கொடுத்தான். அதையும் குடித்தார்.

பங்குனியில் புடவையில் சிவப்பாகப் பட்டது.

அவர் ஊரில் மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் ஊரோரத்துக் கொட்டகையில் இருக்க வேண்டும். அவர்களை யாராவது தொட்டால் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகலாம். ஐந்து வருஷமாக அந்தப் பக்கம் போகாத செல்லியம்மாள், பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டார். போனது திரும்பி வந்துவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது. சின்னதம்பிக்கோ பெருமை தாங்கவில்லை. "எம்பொஞ்சாதிக்கு வயசு திரும்புது" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார்.

சித்திரைக் கடைசியில் மறுபடியும் பட்டது, மறுபடியும் கொட்டகை. இந்த முறை அங்கே தனியாகப் படுத்திருந்தபோது பயம் வந்தது. இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய நாத்தனார், ஒருநாள் மலையிறங்கிப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. எலுமிச்சம்பழம் உள்ளே தேங்காயாகிவிட்டதோ என்று செல்லியம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் எல்லாமே தேங்காய் மாதிரித்தான் இருந்தது.

சர்க்கரை, பிரஷர் பார்க்க வீடு வீடாக வரும் நர்ஸ் ரேணுகாதேவி அன்று வந்தார். வீட்டில் ஆளில்லை என்றதும் தேடிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இன்னாக்கா, உனுக்கு இங்க இன்னா வேல?"

"தூரம், நர்சம்மா."

"உனுக்கா? நின்னு எத்தினி வருசம் ஆச்சு?"

"அஞ்சு."

ரேணுகாதேவி பையைக் கீழே வைத்தார். "நின்னு ஒரு வருசம் தாண்டிட்டா, அப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் அது தூரம் இல்லக்கா. கண்டிப்பா காட்டணும். முக்காவாசி பேருக்குச் சின்ன விசயமாத்தான் இருக்கும். ஆனா பாக்காம அத்த யாரும் சொல்ல முடியாது."

"காட்டுனா கர்ப்பப்பைய எடுத்துடுவாங்க. எடுத்துட்டு வூட்ல குந்திக்கினா, பழத்த உங்க டாக்டரா வந்து தூக்குவாரு?"

"எடுக்கறாங்கன்னு உனுக்கு யாரு சொன்னது? சரி, நீ தட்டிப் பாக்காம ஒரு பழமாவது குடுத்துகிறியா? உள்ள இன்னா கீதுன்னு தெரியாமயே முடிவு பண்ணிட்டு குந்திகிறியே!"

செல்லியம்மாளிடம் யாரும் அவருடைய தொழிலைக் கொண்டே பேசி ஜெயித்ததில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "காலைல மொத ஜீப்பு எத்தினி மணிக்கு?" என்றார்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். திருப்பத்தூர் போய்க் குடிக்க வேண்டிய தண்ணீரை, நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று புதூர்நாட்டிலேயே இரண்டு பாட்டில் குடித்துவிட்டு ஏறினார். அத்தனை வளைவுகளிலும் அவர் பட்ட பாட்டைக் கூடப் போன சின்னதம்பி இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

ஸ்கேன் பார்த்த லேடி டாக்டர் பொறுமைசாலி. "கட்டி வளரலம்மா, சுருங்கியிருக்கு. மூணு சென்டிமீட்டர்."

"அப்டின்னா எம்மாம் பெருசு?"

டாக்டர் யோசித்தார். "பலாக்கொட்டை தெரியுமில்ல? அவ்வளவு."

டாக்டர் இப்போது சொன்னது செல்லியம்மாளுக்கு முழுசாகப் புரிந்தது. "அப்பறம் ஏம்மா நோவுது?"

"வயித்துல வர்ற எல்லா வலியும் கட்டியால வர்றது இல்ல. காலைல வீட்டை விட்டா எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போவீங்க?"

கேள்வி விநோதமாக இருந்தது. ஜீப் நிற்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை ஏது? ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயந்திரம் வீடு திரும்பியபிறகுதான். அதனாலேயே பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. மலையில் வியாபாரம் பார்க்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் என்றார். பரிசோதித்ததில் மூத்திரத்தில் கிருமி இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். ரத்தத்துக்கு மட்டும் பதில் தெரிய வேண்டியிருந்தது. கருப்பையின் உள்தோலில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் செல்லியம்மாள் செல்லியம்மாளாக இல்லை. இரண்டு பேருக்குக் காயைப் பழமென்று கொடுத்தார். யாரையும் திட்டவில்லை. டிரைவர்கள் கவலைப்பட்டு விசாரித்தார்கள். சின்னதம்பி நாத்தனாரின் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டார். ஒருநாள் பழத்தை அவரே சுமந்து வந்து இறக்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள் ரேணுகாதேவி போன் செய்தார். "புத்துநோய் இல்லக்கா. வயசானதால உள்தோலு மெலிஞ்சு வறண்டு போயிருக்குதாம், அதுலதான் கசிஞ்சுது. மருந்து கீது. மறுபடி பட்டா மட்டும் மறைக்காம வந்துடணும்."

"எடுக்க வேணாமா?"

"எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

செல்லியம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். சத்தமாக, ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழத்தை விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்த ஒருவரைத் திட்டினார். டிரைவர்களுக்கு நிம்மதியானது.

இப்போது வலி நன்றாகக் குறைந்துவிட்டது. அசோக்குமாரை மிரட்டி, டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் அவன் வீட்டுக் கழிப்பறைச் சாவியைப் பெண் வியாபாரிகளுக்கென்று ஆணியில் மாட்ட வைத்திருக்கிறார். தண்ணீர் குடிக்காதவர்களைக் கண்டால் விடுவதில்லை.

ஆடி பிறந்த வாரம், காலையில் பழத்தோடு ஊரோரமாக வந்துகொண்டிருந்தார். கொட்டகை வாசலில் மங்கம்மாள் உட்கார்ந்திருந்தார். செல்லியம்மாளைவிட மூன்று வயது மூத்தவர்.

"இன்னா மங்கா, நீ இங்க?"

"போனது திரும்பி வந்துடுச்சுடி, உனுக்கு வந்தாப்பல" என்று மங்கம்மாள் வெட்கத்தோடு சிரித்தார். "கிட்ட வராத, தள்ளி நில்லு."

கீழே முதல் ஜீப் ஹாரன் அடித்தது. செல்லியம்மாள் பழத்தை வழியிலேயே இறக்கி வைத்தார். கொட்டகை வாசலுக்கு நேராக நடந்துபோய், மங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார்.