ரூட் நாற்பத்தொன்பது

டுடோரியலில் நான் கணக்கு எடுக்கத் தொடங்கிய முதல் வாரம். பிள்ளைகள் கோவை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துக் கரும்பலகையில் தேய்த்தார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் கண்முன் வந்துவிட்டது.

நான் ஆறாவது, சரசு அக்கா ஒன்பதாவது. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அரைப்பரீட்சையில் √49 எவ்வளவு என்ற கேள்விக்கு அக்கா 7 என்று எழுதியிருந்தாள். சார் அதை அடித்து ±7 என்று திருத்தியிருந்தார்.

"x² = 49ன்னாத்தான் சார் ரெண்டு விடையும் வருமுங்க. ரூட்டு போட்டுக் கேட்டா ப்ளஸ் மட்டுந்தானுங்க."

அக்காவின் குரல் தட்டிக்கு இந்தப்புறமும் கேட்டது.

"ஓஹோ! அப்ப நீயே வந்து இந்த நாற்காலியில உக்காந்துக்க" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் சாரே அப்பாவிடம் சொல்லிவிட்டார். "வாத்தியார எதுத்துப் பேசற புள்ளைக்குப் படிப்பு ஒரு கேடா?" என்ற அப்பா, தை மாசமே அவளைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்.

பிறகு கல்லூரியில், அக்கா சொன்னதையே பேராசிரியரும் சொன்னார். நாங்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டோம்.

இன்று நானும் அதையே பலகையில் எழுதினேன். இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பு முடிந்ததும் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

"அக்கா, அன்னைக்கு நீ எழுதுனதுதான் சரி!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் பதறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மெல்லப் பேசு சாமி. உங்க மாமன் காதுல உழுந்தா, படிச்ச திமிருன்னு மறுக்கா ஆரம்பிச்சுருவாரு."