கடைவாய்ப் பல்லுக்கு வயது வரம்பு

டொலீடோ நகரப் பல் மருத்துவமனையில் காப்பீட்டுப் பில் போடும் லொரெட்டாவுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சொத்தை வராமலிருக்கக் கடைவாய்ப் பல்லில் பூசும் பூச்சுக்குப் பதினான்கு வயது ஆகும் வரைதான் காப்பீட்டுக் கம்பெனி பணம் தரும். நாற்காலியில் வாய் திறந்திருந்த மேவிஸுக்கு மறுநாள் பதினான்கு.

“பல்லு பாதிதான் முளைச்சிருக்கு, ரெண்டு மாசம் போகட்டும்,” என்றார் டாக்டர் ஹல்வர்சன்.

“பல்லுக்கு அவசரமில்ல டாக்டர், கம்பெனிக்கு இருக்கே!” என்றாள் லொரெட்டா.

“அப்ப இன்னைக்கே பூசினதா பில் போட்டுடு.”

“பூசாததுக்குப் போட்டா என்னை உள்ள போட்டுடுவாங்க.”

“கைக்காசுக்கு நான் எங்க போவேன்? பொறந்தநாளைத் தள்ளி வைக்கவா?” என்றாள் மேவிஸின் தாய்.

பதினெட்டு ஆண்டுகளாக விதியைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பிய லொரெட்டா, முதன்முறையாக விதிவிலக்குக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினாள். பதில் வர முப்பது நாளாகும். பத்தாவது நிமிடமே போன் போட்டுக் கேட்டாள்.