அவிசாவளை என்ற ஆணி

சொந்த ஊரான நிவித்திகலவுக்கு லீவில் போயிருந்த சரோஜா டீச்சர் காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று அதிபர் வந்து சொன்னார். ஆசிரியர் அறையில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். இதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாளே!

உங்களிடம் மறைப்பானேன்? தெஹியோவிட்டவில் எங்கள் தோட்டப் பாடசாலையில் நாங்கள் இருவருமே கணித ஆசிரியைகள். ஒரே வயது, ஒரே பட்டம். பிள்ளைகள் மட்டும் அவர் பின்னால் ஓடினார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு பலகைக் கணக்கை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தவள் நான். பலகையில் வட்டமாக ஆணிகள். உள்ளே எல்லாம் முக்கோணமாகும்படி, ஒன்றையொன்று வெட்டாமல் ஆணிக்கு ஆணி நூல். ஒட்டியிருக்கும் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்தால் ஒரு நாற்கோணம். அதன் குறுக்கே கிடக்கும் நூலைக் கழற்றி மற்ற இரு மூலைகளுக்கிடையே கட்டலாம். அந்த ஒரு மாற்றம் மட்டும்தான் அனுமதி. இப்படியே எந்த அமைப்பிலிருந்தும் எந்த அமைப்புக்கும் போக முடியுமா?

விடுமுறை முழுவதும் வேறு வேறு அமைப்பில் இரண்டு பலகைகளை வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றதைப் போலாக்க மல்லுக்கட்டினேன். ஒரு நூலைச் சரிப்படுத்தினால் சரியாக இருந்த இன்னொன்று கெட்டது. பாடசாலை தொடங்கிய அன்று சரோஜா எட்டிப் பார்த்தார். கையில் பாதி கடித்த ரொட்டி.

"ஐயோ அனே, டீச்சர், ஏன் நேரா போகப் பாக்குறீங்க? எங்க ஊருக்கு இங்கருந்து நேர் பஸ்ஸா இருக்கு? அவிசாவளைக்குப் போய்த்தானே மாறுறேன்."

ஓர் ஆணியைத் தொட்டார். "இதுதான் அவிசாவளை. ரெண்டு பலகையிலயும் குறுக்கு நூல ஒவ்வொன்னா இந்த ஆணிக்குக் கொண்டு வந்துருங்க. மாத்துறதுக்கு எப்பவும் ஒரு நூல் கெடைக்கும். கடைசியில ரெண்டும் ஒரே மாதிரி ஆயிரும்ல? அப்பறம் மொதப் பலகையில, ரெண்டாவது பலகை வந்த வழியிலயே திரும்பிப் போங்க."

ரொட்டி முடிவதற்குள் முடித்துவிட்டார். அத்தோடு விட்டாரா? "டீச்சரோட கணக்கு, எவ்ளோ அழகு பாருங்க" என்று அறை முழுக்கச் சொல்லித் திரிந்தார். கொஞ்சமாவது பெருமையடித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

சாவு வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவிசாவளையில் "பஹின்ன, பஹின்ன" என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். நிவித்திகலவுக்குப் போக இரத்தினபுரி பஸ்ஸைத் தேடி நின்றபோதுதான் அழுகை வந்தது. வந்த பஸ்ஸைப் போகவிட்டு அழுதேன்.

எத்தனை முறை இதே இடத்தில் இறங்கி மாறியிருக்கிறேன்! அந்த விடை எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? பலகைகளைப் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டேன். பொறாமையை நானே வைத்துக்கொண்டேன். அதை யாருக்கும் தரமாட்டேன், சரோஜா.