தண்ணீர் வராத பிரசவம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டியில் மிட்வைப், அதாவது மருத்துவச்சிப் பயிற்சி முடித்துப் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. சேர்ந்த நான்காம் மாதம் நடந்ததை, இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

செவத்தி கொழுந்து பறிப்பவள். இரண்டாவது பிரசவம். மாதம் நிறைந்தும் வயிறு சிறுத்தே இருந்தது. காலையில் வலி கண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பனிக்குடம் உடையும் என்று காத்திருந்தேன். விரித்த துணி தண்ணீரில் நனையாமலே பிள்ளை பிறந்துவிட்டது.

ஆண் பிள்ளை. அழவில்லை; முனகியது. மூக்கு அமுங்கி, காதுகள் கீழிறங்கி, கண்களுக்குக் கீழே மடிப்பு விழுந்து, முகம் வயதானவர் முகம் போலிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போனது. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வெந்நீர்ப் போத்தல் வைத்தேன். மத்தியானத்துக்குள் இறந்துவிட்டது.

செவத்தியின் புருஷன் முத்தையா வாசலில் நின்று கத்தினான். "தொப்புள்கொடிய எப்படி வெட்டுனீங்க? மூத்தவன லயத்து வீட்டுலதான் பெத்தா. ஒண்ணும் ஆகலையே!"

தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தும் டிஸ்பென்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தண்ணி எப்ப ஒடஞ்சிச்சு?"

"ஒடையலைங்க ஐயா. தண்ணியே வரல."

"தண்ணி இல்லாம பிள்ள பொறக்குமா? யாருகிட்ட சொல்ற?"

திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கக் கேட்க, என் கண்ணையே நான் நம்பவில்லை. கவனிக்காமல் விட்டேனோ? வேலை போய்விடும் என்ற பயம் வேறு. "முந்தின நாளே ஒடஞ்சிருக்கலாம் ஐயா. அவ சொல்லாம விட்டிருக்கலாம்" என்றேன்.

அதையே எழுதிக்கொண்டு, நேரே செவத்தியின் கட்டிலுக்குப் போனார். "தண்ணி ஒடஞ்சத மறச்சுப் பிள்ளையக் கொன்னுட்டியே!"

அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். "நேத்து பீலியில தண்ணி புடிச்சித் தூக்கிட்டு வந்தப்ப சீல நனஞ்சிச்சுங்க. கொடத்துத் தண்ணின்னு நெனச்சேன்" என்று அழுதாள்.

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

முத்தையா தோட்டத்து மேலாளரான துரையிடம் முறையிட்டதால், பிள்ளையின் உடலைக் கண்டிக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னார்கள். தோட்டத்து லொறியில் அவனும் நானும் போனோம். துணியில் சுற்றிய பிள்ளை அவன் மடியில் இருந்தது. கண்டிக்கு முன்னால் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது. பாலத்தில், "டிஸ்பென்சரய்யாவுக்கு நீங்களும் பயந்துட்டீங்க, இல்ல?" என்றான்.

பரிசோதித்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார்.

"ரெண்டு பக்கமும் தேடினன். இந்தப் பிள்ளைக்குக் கிட்னி ரெண்டும் இல்லை. நுரையீரலும் வளரேல்லை. ஆர் பிரசவம் பார்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"அப்ப பத்து மாசம் எப்படிங்க உயிரோட இருந்திச்சு?" என்று முத்தையா கேட்டான்.

"வயித்துக்குள்ளை பிள்ளையின்ரை கழிவையும் தாயின்ரை ரத்தம் கொண்டுபோயிடும். வெளியிலை வந்தாப் பிறகு தானே எல்லாம் செய்யவேணும்."

தண்ணீர் வராததைச் சொன்னேன். "ஓம், இப்பிடிப் பிள்ளையளுக்குத் தண்ணி குறைவெண்டு வாசிச்சிருக்கிறன். ஏனெண்டு கேட்டா எனக்கும் வடிவாத் தெரியாது" என்றார்.

நான் பார்த்தது சரிதான். ஆனால் அதில் எனக்கு நிம்மதி வரவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் டிஸ்பென்சரிடம் உண்மையைச் சொன்னேன். முறைத்தார், எழுதியதைத் திருத்தினார். பிறகு லயத்துக்குப் போனேன். செவத்தி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் முத்தையா. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் கொடம் தூக்குனதாலே இல்லையா?"

"இல்ல செவத்தி. தண்ணி முந்தியே ஒடஞ்சிருக்கலாம்னு சொன்னது நான்தான். பயத்துல சொல்லிட்டேன்."

முத்தையா எழுந்து வெளியே போனான். செவத்தி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அடுத்ததும் இப்படித்தான் பொறக்குமாம்மா?"

"தெரியல."

"தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு ஏன் அப்படி ஆனதென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காதவை வரும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். யார் மிரட்டினாலும், விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். நாம் பயந்து இட்டுக்கட்டும் காரணம் பெற்றவள் தலையில்தான் போய் விழும்.