பியூஸ் பெட்டியில் என் கொண்டை ஊசி

எங்க வீட்டுக்காரர் சட்டத்தைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடுற மனுஷன். கோலாலம்பூர்ல மின்சார ஆபீஸ்ல டைப் அடிக்கிற கிராணி வேலை. துரைமாரு எழுதிக் குடுக்குற விதிகளைப் பகல் பூரா டைப் அடிப்பாரு. சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, தட்டுல கையை வச்சுக்கிட்டே எனக்கு ஒப்பிப்பாரு. "ஒரு லைன்ல பத்து விளக்குக்கு மேல போடக்கூடாது. பிளக் வேணும்னா அதுக்குத் தனி லைன், தனி பியூஸ். மூணு கால் வச்ச பிளக்கா இருக்கணும். மூணாவது காலோட கம்பி மண்ணுக்குள்ள போகணும்."

நான் "ரசம் ஊத்தட்டுமா?"ன்னு கேப்பேன். வேற என்ன கேக்குறது? எங்க வீட்டுல இருந்ததே மூணு விளக்கு.

அந்தக் காலத்துல எங்க வரிசை வீடுங்களுக்கு மின்சாரம் வந்து ரெண்டு வருஷம்தான் இருக்கும். கூடத்துல ஒண்ணு, அறையில ஒண்ணு, அடுப்படியில ஒண்ணுன்னு விளக்கு மட்டும்தான். பிளக் கிடையாது. கிள்ளான் துறைமுகத்துல கிடங்குல வேலை செஞ்ச எங்கண்ணன், தீபாவளிக்கு எனக்கு ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கிக் குடுத்துச்சு. கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட வாங்கினதாம். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். நான் ஆசையா, "நம்ம வீட்டுல ஒரு பிளக் வச்சா என்னங்க?"ன்னு கேட்டேன். பெட்டி வந்த சேதியை மட்டும் சொல்லலே.

"விண்ணப்பம் போடணும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். துரை வந்து சோதிக்கணும். அந்த ஆபீஸ்லயே இருந்துக்கிட்டு நானே விண்ணப்பம் போட்டா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

நல்லா இருக்கே கதை! ஊருக்கெல்லாம் பிளக் குடுக்குற ஆபீஸ்ல இருக்குறவரு பொண்டாட்டி கரிப் பெட்டியை ஊதி ஊதிக் கண்ணு சிவக்கணுமா? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மறுநாளே பாசாருக்குப் போயி, சீனன் கடையில, விளக்கு மாட்டுற இடத்துல மாட்டுற ஒரு கட்டை வாங்கினேன். பல்பைக் கழட்டிட்டு அதைத் திருகிட்டா, இஸ்திரிப் பெட்டியோட ஒயரைச் சொருகிக்கலாம். இவரு ஆபீஸ் போனதும் முக்காலி மேல ஏறி, கூடத்துல நானே மாட்டினேன். பெட்டியைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும். அதுக்காக மரக்கட்டைச் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் தேய்ப்பேன். மேலேருந்து ஒயர் தொங்க, கீழே நான் டக்கு டக்குன்னு நடந்துக்கிட்டே தேய்க்கிறதை யாராவது பாத்திருந்தா பேய் பிடிச்சிருக்குன்னுதான் நினைச்சிருப்பாங்க. வேலை முடிஞ்சதும் பல்பு பழைய இடத்துக்கும், பெட்டி அரிசிப் பானைக்குப் பின்னாலயும் போயிடும்.

இவரு கோட்டு கத்தி மாதிரி நிக்கும். ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்களாம். "கரிப் பெட்டிதான் லா. மின்சாரத்துல தேய்ச்சா இந்த மடிப்பு வருமா?"ன்னு சொல்லிட்டு வந்து என்கிட்ட பெருமை வேற. நான் தலையை ஆட்டிக்கிட்டேன்.

பியூஸ்தான் பாடாப் படுத்துச்சு. வாசக்கதவுக்கு மேல ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ள பீங்கான், பீங்கானுக்குள்ள தலைமுடி மாதிரி ஒரு கம்பி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பட்டுன்னு அறுந்துடும், இவரு வர்றதுக்குள்ள நானே புதுக் கம்பி கட்டணும். ஒரு நாள் இவருகிட்டயே, எதுவும் தெரியாதவ மாதிரி, "அதை ஏங்க அவ்வளவு மெல்லிசா வச்சிருக்காங்க?"ன்னு கேட்டேன்.

மனுஷருக்கு என்ன சந்தோஷம்! "வீடு எரியாம இருக்க, முதல்ல அது எரியும். அதுக்குத்தான் அது இருக்கு. அதுல கை வைக்கக்கூடாது."

கை வச்சேன். ஒரே வாரத்துல மூணு தடவை அறுந்தா யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கொண்டையிலேருந்து ஒரு ஊசியை உருவி, வளைச்சு, கம்பி இருந்த இடத்துல முறுக்கி வச்சேன். அப்புறம் ஒரு நாளும் அறுந்ததே இல்ல. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

இவருக்கு அப்போ ஒரே ஒரு ஏக்கம்தான். ஆறு வருஷமா தற்காலிக வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வேலையை நீட்டிச்சுக் கடுதாசி வரும். அந்தக் கடுதாசியையும் இவரேதான் டைப் அடிக்கணும். அப்போதான் துரைகூட வீடு வீடாப் போயி தமிழை இங்கிலீஷ்ல சொல்ற ஆளோட இடம் காலியாச்சு. அது நிரந்தர வேலை. ஒரு நாள் என்கூட வந்து காட்டு, சரியா செஞ்சா உனக்குத்தான்னு துரை சொல்லிட்டாராம். இவரு ஒரு வாரமா கண்ணாடி முன்னால நின்னு, "திஸ் லேடி சேஸ், சார்"னு பழகிக்கிட்டு இருந்தாரு. தூக்கத்துலகூட அதையே சொன்னாரு. சோதனைக்கு வந்தது எங்க தெருவேதான்.

முந்தின நாளே தேய்ச்சு வச்ச கோட்டை அன்னிக்குக் காலையில போட்டுவிட்டேன். பத்து மணி இருக்கும், மறுநாள் சட்டையைத் தேய்க்கக் கட்டையை மாட்டிட்டேன். வாசல்ல இவரு குரல் கேக்குது. "திஸ் இஸ் மை ஹவுஸ், சார். இங்கேருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது."

தெருக்கோடியில இருந்த வீட்டை விட்டுட்டு, மாதிரி வீடு காட்டுறேன்னு தானே கூட்டிக்கிட்டு வந்திருக்காரு! நான் ஓடிப்போயி கட்டையைக் கழட்டுறதுக்குள்ள துரை உள்ளே வந்துட்டாரு. சிவந்த மூஞ்சி, முழங்கால் வரைக்கும் சாக்ஸ். கூட வந்த ஆள் ஏணி போட்டு பியூஸ் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் ஊசியைக் கழட்டித் துரை கையில குடுத்தான்.

துரை அதைத் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் கூடத்து விளக்கை அண்ணாந்து பாத்தாரு. ஏணியில அவரே ஏறி ஒயரைத் தொட்டாரு. அது மேல சுத்தியிருந்த துணி சூட்டுல பொரிஞ்சு, பொடிப்பொடியா என் தரையில விழுந்துச்சு. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா இந்த வரிசையே எரிஞ்சிருக்கும்னு இங்கிலீஷ்ல சொன்னாரு. என் சாமர்த்தியம் என்ன செஞ்சு வச்சிருக்குன்னு அப்போதான் கண்ணால பாத்தேன்.

இவரு மூஞ்சியில ஈயாடலே. ஊசியைப் பாத்தாரு, தன் கோட்டு மடிப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. இவருக்கு எல்லாம் விளங்கிப்போச்சு.

"நாள் பூரா வீட்டுல இருக்குறது அந்தம்மாதான். இதை யார் வச்சதுன்னு கேளு"ன்னாரு துரை.

இவரு என்கிட்ட திரும்பி, யாரோ மாதிரி, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "ஏம்மா, இதை யார் வச்சாங்கன்னு துரை கேக்குறாரு"ன்னாரு.

"நான்தான் வச்சேன்னு சொல்லுங்க."

சட்டத்தைச் சோத்துல பிசையிற மனுஷன். உள்ளதை உள்ளபடி சொன்னா வேலை நிரந்தரம். கோட்டை இழுத்து விட்டுக்கிட்டாரு. "திஸ் லேடி சேஸ் ஷி டஸ் நாட் நோ எனிதிங், சார். ஐ புட் இட்."

எனக்கு ஒண்ணும் தெரியாதாம், தான்தான் வச்சதா இவரு சொல்றாரு! துரை கையில இருந்த கொண்டை ஊசியைப் பாத்தாரு. இவரு தலையைப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரருக்கு முப்பது வயசுலேயே தலை பளபளன்னு ஆயிடுச்சு. அங்க எந்த ஊசிக்கும் வேலை கிடையாது. ஏணி பிடிச்சவன் வாயைப் பொத்திக்கிட்டான்.

என்னால அதுக்கு மேல தாங்க முடியலே. "ஹி இஸ் டெல்லிங் லை, சார்"னேன். "ஹேர்ப்பின் இஸ் மைன். ஹி டஸ் நாட் நோ. வெரி குட் மேன், சார்."

கிள்ளான்ல மிஷன் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சவ நான். கல்யாணம் ஆகி வர்றப்போ எங்கம்மா, "இங்கிலீஷ் தெரியும்னு காட்டிக்காதே, ஆம்பளைக்குப் பிடிக்காது"ன்னு சொல்லி அனுப்புச்சு. ஆறு வருஷமா வாயைத் திறந்ததே இல்ல.

துரை ஊசியை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, லைனை அறுக்கச் சொல்லிட்டு வெளியே போனாரு. இவரும் பின்னாலயே போனாரு.

சாயங்காலம் வந்தவரு கோட்டைக்கூடக் கழட்டலே. பையிலேருந்து ஒரு கடுதாசியை எடுத்து, "கையெழுத்துப் போடு. உன் பேரும் இருக்கு"ன்னாரு. எங்க வீட்டுக்கு வந்த எச்சரிக்கைக் கடுதாசி. துரை சொல்லச் சொல்ல இவரே தன் பேருக்கு டைப் அடிச்சு, இவரே கொண்டுவந்திருக்காரு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

"வேலை?"ன்னு கேட்டேன்.

"வேற ஆளுக்குப் போயிடுச்சு. ஒருத்தர் சொன்னதை மாத்திச் சொல்ற ஆள் எனக்கு ஆகாதுன்னுட்டாரு. டைப் அடிக்கிறது இருக்கு, ஆறு மாசத்துக்கு."

எனக்கு அழுகை வந்துடுச்சு. "என் அவசரபுத்தியால உங்க பொழைப்புல மண்ணு விழுந்துச்சே"ன்னு அழுதேன். இவரு காப்பியை ஆத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"ன்னாரு.

"நாலாவது வரைக்கும்."

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

ஆத்துறது நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமைதோறும் ஆபீஸ் கூட்டாளி ஒருத்தரைக் கூட்டிவந்து, என்னை வச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல பேசிச் சிரிப்பாரு. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் ஒண்ணொண்ணா இவரு கண்ணு முன்னால வர்றது எனக்கே தெரிஞ்சுது.

"அப்போ... உன் ரசத்துல ரயில் இஞ்சினைக் கழுவலாம்னு சொன்னது?"

"புரிஞ்சுது. மறுநாள் உப்பு ஏன் அப்படிக் கரிச்சுதுன்னு நினைச்சீங்க?"

"உங்கண்ணன் தொப்பையைப் பத்திச் சொன்னது?"

"அதுவும் புரிஞ்சுது."

"அடக் கடவுளே!"ன்னு தலையில கை வச்சுக்கிட்டாரு.

"காலையில துரைகிட்ட 'ஐ புட் இட்'னு சொன்னீங்களே"ன்னேன். காப்பியை இவரு பக்கம் நகர்த்தினேன். "அதுவும் புரிஞ்சுது."