கதவுக்கு முன்னால் இரண்டு பேர்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். திறந்திருந்த கதவின் வழியே முதலில் கண்ணில் பட்டது ஒரு கடற்கரை. மணலில் பாதி புதைந்த உடைந்த கப்பல், சாய்ந்த தென்னை மரங்கள், தூரத்தில் ஒரு குகை. தொலைக்காட்சித் திரையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ கேம் அது. அதன் முன்னால், நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கன்ட்ரோலர். மடியில் இன்னொன்று. மாடியறை வாடகைக்கு என்று பலகை பார்த்து வந்ததாகச் சொன்னேன். "சித்த இருங்க சாமி. இவிங்களை இந்தக் குழி தாண்ட உட்டுட்டு வாரேன்" என்றார், திரும்பாமலே. கையிலிருந்ததை மடியில் வைத்தார், மடியிலிருந்ததை எடுத்தார். திரையில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் குழியைத் தாண்டிக் குதித்தான். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஒரு நாளிதழின் சங்ககிரிப் பகுதிச் செய்தியாளராக நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்தில், லாரிப் பட்டறைகளைத் தாண்டி அந்த வீடு இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். பகல் முழுக்கத் தகரம் தட்டும் சத்தம் கேட்கும். பெண்பிள்ளை தனியாக இருந்தால் தனக்கும் ஒரு துணை என்று சொல்லி அக்கா அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. கடைசி வரை அக்காதான்.

அக்காவின் கணவர், எனக்கு அண்ணன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். துளை போடும் இயந்திரத்தை இயக்குகிறவர். எங்கள் பகுதியிலிருந்து இந்த வண்டிகள் நர்மதைக்கு அப்பாலும் போகும். ஆயுத பூஜை முடிந்து கிளம்பினால், வடக்கே மழை இறங்கி வயல்களில் சக்கரம் புதைகிற காலத்தில்தான் திரும்பும். ஊரெல்லாம் மழைக்கு ஏங்குவது பயிருக்காக. அந்தச் சந்தில் சில வீடுகள் ஏங்கியது வேறு ஊரில் பெய்ய வேண்டிய மழைக்காக. அக்கா மாலைச் செய்தியில் வானிலையை மட்டும் நின்றுகொண்டே பார்ப்பார். சேலத்தில் மழை என்றால் துணி எடுக்கப் போவார். மத்தியப் பிரதேசத்தில் மழை என்றால் உட்கார்ந்துவிடுவார்.

விளையாட்டுப் பெட்டி மகனுக்காக வாங்கியது. அவன் கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனான். அண்ணன் ஒரு மழைக்காலத்தில் வீட்டிலிருந்தபோது, சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்துப் போட்டாராம். கம்ப்ரஸர் இரைச்சலில் பல வருடம் நின்று அவருக்குக் காது மந்தம். சீரியலில் பேசுவது விளங்காது, சினிமா வசனம் விளங்காது. இந்த விளையாட்டில் பேச்சே கிடையாது. இரண்டு பேர் கடற்கரையில் இறங்கிப் புதையல் தேடுகிறார்கள், அவ்வளவுதான். சிவப்புத் தலைப்பாகை அவருக்கு. பச்சைத் தொப்பி போட்ட பெண் அக்காவுக்கு. அந்த ஒரு மழைக்காலம் முழுக்க இருவரும் மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து நண்டுகளைத் தாண்டி, கயிற்றுப் பாலத்தில் ஓடி, மரத்திலிருந்து விழும் காய்களுக்குத் தலையைக் குனிந்து விளையாடியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார்; அவர் பேச்சில் 'இவிங்க' என்றால் கணவர். "காய் உழுவறது டீவியிலிங்க. இவிங்க இங்க சோபாவுல குனிவாங்க."

அந்த விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. இருவரில் ஒருவர் பின்தங்கினால் திரை நகராது. முன்னே போனவர் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் கட்டத்தின் முடிவில் குகை வாசலில் ஒரு கல் கதவு. அதன் முன்னால் தரையில் இரண்டு பலகைக் கற்கள். இருவரும் ஆளுக்கொரு கல்லில் ஏறி நின்று பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும். எத்தனையோ பேருக்கு எரிச்சலூட்டும் விதி இது. அவர்களுக்கு அது புதிதாகவே படவில்லை. ரிக் வண்டி எப்போதும் தனியாகப் போகாது. குழாய்களையும் டீசலையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி பின்னால் வரும். ஒன்றில்லாமல் மற்றது வேலை செய்ய முடியாது. ஆகவே முன்வண்டி கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் நிற்கும். பின்வண்டி வந்ததும் கிளம்பும். அக்கா தனியாக ஆடியதும் இப்படித்தான். பச்சைத் தொப்பியைக் கொஞ்சம் நடத்தி ஒரு பாறையருகே நிறுத்துவார். கன்ட்ரோலரை மாற்றுவார். சிவப்புத் தலைப்பாகையை அந்தப் பாறை வரை கூட்டிவருவார். மறுபடி மாற்றுவார்.

கன்ட்ரோலரை அவர் ஸ்டீரிங் என்பார். கணவருடைய ஸ்டீரிங்கைத் தொடும்போதெல்லாம் அவர் சொன்ன ஒரு பேச்சை நினைவுபடுத்திக்கொள்வார். லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம்: டிரைவர் இறங்கிப் போயிருந்தால் வண்டியை நகர்த்தி வைக்கலாம், ஆள் இருக்கும்போது அவர் சீட்டில் யாரும் ஏறக் கூடாது, முதலாளியே ஆனாலும். விளையாட்டின் நடுவில் அக்கா அவசரப்பட்டு அவர் கையிலிருந்ததைப் பிடுங்கியபோது அண்ணன் இதைச் சொல்லிக் கையைத் தட்டிவிட்டாராம். "ஆளு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஸ்டீரிங்ல கை வெக்கறயே, நீ என்ன ஆர்டிஓவா?"

அவர்கள் ஒருநாள் கல் கதவு வரை வந்துவிட்டார்கள். இருவரும் கற்களில் ஏறி நின்றபோது முதலாளியிடமிருந்து போன். அந்த வருடம் வடக்கே மழை சீக்கிரம் விட்டுவிட்டது; பூஜைக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பு. அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தார். வாசலில் செருப்புப் போடும்போது சொன்னாராம்: "கதவ நான் வந்து தொறக்கறேன். நீ தொறந்து உள்ளார போயிராத." அக்கா போகவில்லை. கதவு திறந்தால்தான் விளையாட்டு அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்கும். திறக்காததால் ஒவ்வொரு நாளும் உடைந்த கப்பலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிற்பகலும் அவர் இருவரையும் அந்தக் கற்கள் வரை கொண்டுவந்து நிறுத்துவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காபி போடப் போவார்.

கணவரிடமிருந்து போன் வந்தால் மாடிக்கு ஏறி வருவார், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். அவர் கத்துவது என் அறைக்குள் கேட்கும்.

"சாப்டீங்களா?"

"..."

"சாப்டீங்களான்னு கேட்டேன்!"

"..."

"மழையில்லீங்க, சாப்பாடு! சாப்பாடு!"

அதற்கு மேல் அவர்களால் பேச முடிந்ததில்லை. இறங்கும்போது அக்கா என் கதவைத் தட்டி, "நல்லா இருக்கறாங்களாம் கண்ணு" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பதில் வந்திருக்கச் சாத்தியமில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒரு விடுமுறை நாளில் அவர் எனக்கு ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தார். கொடுத்தது பச்சைத் தொப்பியுடையது. அதை அப்போதே கவனித்தேன். சிவப்பைத் தானே வைத்துக்கொண்டார். எனக்கு விளையாட்டு வராது. நண்டில் மோதினேன், பாலத்திலிருந்து விழுந்தேன். "ஏங்கண்ணு, பேப்பர்ல இத்தனை எழுதற, ஒரு நண்டத் தாண்டத் தெரியலியே" என்று கேலி செய்தபடி அவர் பாறைக்குப் பாறை நின்று எனக்காகக் காத்திருந்தார். அவ்வளவு மாதங்களில் அன்றைக்குத்தான் அவர் கன்ட்ரோலரை மாற்றாமல் விளையாடினார். கல் கதவுக்கு வந்தோம். நான் ஒரு கல்லில் ஏறினேன், அவர் இன்னொன்றில் ஏறினார். பொத்தானை அழுத்தப் போனேன். "இரு கண்ணு" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இருந்தது. "இவிங்க வரட்டும்." அதற்குப் பிறகு அவர் என்னை விளையாடக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. சந்தின் மற்ற வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். வாசல்களில் புழுதி படிந்த பைகள் காய்ந்தன. கறிக்கடையில் கூட்டம் கூடியது. அக்கா வீட்டில் மட்டும் போன்தான் வந்தது. முதலாளி வண்டியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார். டிரில்லரும் கூடவே போக வேண்டும். வண்டி கப்பலில், ஆள் விமானத்தில், ஊருக்கு வராமல் அப்படியே.

அந்த வாரம் என்னுடைய செய்தி ஒன்று மாவட்டப் பக்கத்தில் வந்தது. நம் ஊர் ரிக் வண்டிகள் கடல் கடந்து போகின்றன என்ற பெருமைச் செய்தி. டிரெய்லரில் ஏற்றிய இன்னொரு வண்டி, மாலை, சூடம், முதலாளியின் பேட்டி எல்லாம் இருந்தன. அக்கா அதை வாசற்படியில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர் அவர். முடித்ததும் மடித்துக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கற சாமி. எப்பத் திரும்பி வருவாங்கன்னு மட்டும் போடலியே?"

அதை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் முதலாளியின் அலுவலகத்தில் கேட்டேன். வேலை முடிந்ததும் என்றார்கள். அன்று பிற்பகல் கீழே கடற்கரையின் அலைச் சத்தம் வழக்கமான நேரத்துக்குக் கேட்டது.

பிறகு எனக்குச் சேலத்தில் மேசை வேலைக்கு மாற்றல் வந்தது. ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அறையெடுத்துத் தங்கினேன். மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்திகளைச் சுருக்கித் தலைப்புப் போடுவது வேலை. மாலையில் அலுவலகம் போனால் போதும் என்பதால் பிற்பகல்கள் சும்மா கிடந்தன. எதிரே ஒரு பல் மருத்துவமனையின் சுவர். மூன்று மணி வாக்கில், தகரம் தட்டும் சத்தமும் அலைச் சத்தமும் இல்லாத அந்த அமைதியில், இந்நேரம் அவர் கயிற்றுப் பாலத்துக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவோம். அண்ணன் எப்போது வருகிறார் என்று நான் முதல் சில முறை கேட்டேன். அப்புறம் மகனைப் பற்றி மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன். போன வருடம் அக்காவே சொன்னார்: "வந்துட்டாங்க கண்ணு. இனி எங்கீமு போறதில்ல."

இந்த ஆண்டு ஆடியில் ஒரு வேலையாகச் சங்ககிரி போனபோது சந்துக்குள் திரும்பினேன். கைக்கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது. கதவு திறந்திருந்தது. அதே கடற்கரை, அதே கப்பல். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் ஒரு கன்ட்ரோலர். மடியில் எதுவும் இல்லை. பின்னால் சோபாவில் அண்ணன். புகைப்படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். இரண்டு காதுகளும் இப்போது அறவே கேட்பதில்லை என்று அக்கா சொன்னார். அவருடைய கையில் கைபேசி. அதில் எங்கோ ஒரு வயலில் ஒரு ரிக் வண்டி துளை போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அது முடிந்ததும் அடுத்த வீடியோ, அடுத்த வயல். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். திரும்பவும் கைபேசிக்குள் போய்விட்டார்.

காபி வந்தது. மகன் பெங்களூரில் இருக்கிறான், பெண் பார்க்கிறார்கள். மாடியறை பூட்டிக் கிடக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கல் கதவு திறந்தாயிற்றா என்று கேட்டேன்.

"எங்க கண்ணு. அவிங்களுக்கு இப்ப இதுல மனசு போறதில்ல. கையில குடுத்தா வாங்கி வெச்சுக்குவாங்க."

"நீங்களே முன்ன மாதிரி ரெண்டையும் ஓட்டலாமேக்கா?"

அக்கா சோபாவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணிக்கத் தேவையில்லாத வீட்டில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஆளு இருக்கறப்ப எப்படீங்க கண்ணு?"

விடைபெற்று வாசலில் செருப்புப் போட்டேன். பச்சைத் தொப்பிக்காரி திரையின் வலது ஓரம் வரை போய் நின்றிருந்தாள். சிவப்புத் தலைப்பாகைக்காரன் உடைந்த கப்பலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். இரண்டாவது கன்ட்ரோலர் அண்ணனின் மடியில் இருந்தது.