வண்டிக்கு அடியில் விரித்த வேட்டி

வினிகரின் புளித்த நெடி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு ஊறுகாயோ நூடுல்ஸோ நினைவுக்கு வரலாம். எனக்கு என் பரமசிவம் மாமாவின் முகம்தான் நினைவுக்கு வரும், கூடவே பல்லைக் கடிக்கத் தோன்றும். அது மாமாவின் வாசனை அல்ல. இன்ஜின் பாகங்களின் இடுக்கில் எண்ணெய் கசியாமல் அடைப்பதற்குப் பூசும் சிலிக்கான் பசையின் வாசனை. ட்யூபிலிருந்து பிதுக்கியவுடன் வினிகர் பாட்டிலைத் திறந்த மாதிரியே இருக்கும். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த, மாடியில்லாத பழைய வில்லாவின் முற்றத்தில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த நெடி நின்றது. அந்தக் கோடையில்தான் ஒரு டீசல் டிரக்கின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்து, மறுபடி கட்டினோம். பிழைப்புக்காகக் கட்டினோம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பழிவாங்கக் கட்டினோம் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

பரமசிவம் மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் எடுத்துக்கொடுத்த விசாவில்தான் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, "சனையா" என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில் மாமா நடத்திய டிரக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். பிறகு கபீல் எனப்படும் உள்ளூர் அரபி ஸ்பான்சரின் பெயரில் ஒரு பழைய தண்ணீர் டேங்கர் வண்டியை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அதை மாமா பொறுத்துக்கொள்ளவில்லை. வெளியே சிரித்தார், உள்ளே வைத்துக்கொண்டார். அப்பாவின் வண்டியோ கிழட்டு வண்டி. பின்பக்கத்து ஆயில் சீலிலும் அடித்தட்டிலும் எண்ணெய் ஒழுகும். நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு வரும். ஆனாலும் ஒரு பெரிய வில்லா காம்பவுண்டுக்குத் தினமும் தண்ணீர் கொண்டுபோகும் வேலை அப்பாவிடம்தான் இருந்தது, நாங்கள் அதை நம்பித்தான் சாப்பிட்டோம்.

அந்த வருடப் பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு பூங்காவில் கூடினோம். காம்பவுண்டின் மலையாளி மானேஜரையும் மாமா அழைத்து வந்திருந்தார். பாய் விரித்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ அப்பாவைத் தேட, மாமா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "மாப்ளைய யார்ட்டயும் கேட்டுத் தேடாண்டாம். ரோட்டப் பாத்துட்டே போங்க. எண்ணெ ஒழுகிருக்கும் பாத்துக்கிடுங்க, அதுவே கொண்டுபோய் விட்ரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். மானேஜர் சிரித்ததுதான் எங்களை அடித்தது. அவர் காம்பவுண்டில் புதிதாகக் கல் பதித்திருந்தார். அடுத்த வாரமே அப்பாவைக் கூப்பிட்டு, "என்றெ காம்பவுண்டில் ஒரு துள்ளி வீழான் பாடில்லா" என்று சொல்லிவிட்டார். ஒரு சொட்டு விழக்கூடாது. ஒழுகாத வண்டி வரும்வரை தண்ணீர் மாமா புதிதாக வாங்கியிருந்த டேங்கரில் வரட்டும் என்று ஏற்பாடாகிவிட்டது. மாமா மகன் செந்தில் என்னோடு ஒரே பள்ளிப் பேருந்தில் வருவான். அவன் எனக்கு "லீக்கேஜ்" என்று பெயர் வைத்தான். பேருந்தில் இருந்த சூடான், சிரியா பிள்ளைகள்கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் உண்மைப் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

அம்மா அழவில்லை. "ஊரு முன்னால சிரிச்ச வாய ஊரு முன்னாலயே மூட வைக்கணும்" என்றாள், அவ்வளவுதான். மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை வேலைக்கு விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்க வசதியில்லை. அந்த வருடம் லீவுக்கு ஊருக்குப் போவதற்கு வைத்திருந்ததெல்லாம் லைனராகவும் பிஸ்டன் ரிங்காகவும் ஆயில் சீலாகவும் மாறி அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பட்டாணியரின் கிரேன் வண்டி இன்ஜினைத் தூக்கிவந்து முற்றத்து டயர்களின் மேல் உட்காரவைத்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் துணி காயவில்லை, விருந்தாளி வரவில்லை, மீன் வாங்கவில்லை.

மீன் வாங்காததற்குக் காரணம் இருந்தது. சிலிண்டருக்குள் இறக்கவேண்டிய லைனர் என்ற இரும்புக் குழாய்கள் குளிர்ந்து கொஞ்சம் சுருங்கினால்தான் சுலபமாக இறங்கும் என்று அப்பா அவற்றை எங்கள் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டார். பிஸ்டனோ சூடாக வேண்டும், அப்போதுதான் அதன் நடுவே போகும் பின் வழுக்கிக்கொண்டு நுழையும். அதற்கு அம்மா தன் இட்லிப் பானையைக் கொடுத்தாள். ஊரில் இருந்து சுமந்து வந்த பானை, யாரையும் தொடவிடமாட்டாள். அதில் வெந்நீர் கொதிக்க, உள்ளே பிஸ்டன்கள் வெந்தன. நான் பழைய பல்துலக்கும் பிரஷால் போல்ட்டுகளை டீசலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஒவ்வொரு போல்ட்டையும் செந்திலின் முன்பல் என்று நினைத்துக்கொண்டு தேய்த்ததில் அவை புதிதாக வாங்கியவை போலப் பளபளத்தன. வெயில் தாழ்ந்து அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் இரும்பைக் கையால் தொட முடியும். அதற்கு முன் தொட்டால் தோல் போய்விடும்.

இன்ஜினின் அடித்தட்டை மூடும் நாளில்தான் அந்த நெடி வந்தது. கசிவு இல்லாமல் மூட, விளிம்பு முழுக்கச் சிலிக்கானை ஒரே அளவில் கோடாக இழுக்கவேண்டும். கோலம் போடுகிற கை என்று நம்பி அப்பா ட்யூபை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒரு சுற்று இழுத்தாள், அழகாகத்தான் வந்தது. அப்பா கை கழுவப் போனார். அம்மாவுக்கு ஒரு சுற்று போதவில்லை. அதன் மேலேயே இன்னொரு சுற்று, மூலைகளில் இன்னும் கொஞ்சம் என்று, ட்யூப் தட்டையாகும்வரை பிழிந்தாள். "இனி எப்படி ஒழுகுதுன்னு பாப்போம்" என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

இன்ஜின் வண்டியில் ஏறியது, முதல் திருகலிலேயே உறுமியது. புகை இல்லை. வண்டிக்கு அடியில் போட்ட அட்டை காலையில் போட்டபடியே சுத்தமாக இருந்தது. நாங்கள் மாமாவின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு பாயசம் வைத்துக் குடித்தோம். சில நாட்கள் கழித்து, மணல் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. அப்பா அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்தாராம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எண்ணெய் இல்லாமல் உள்ளே எல்லாம் இறுகி, எங்கள் கோடையும் லீவும் அதோடு போயிருக்கும். கட்டி இழுத்துவந்து அடித்தட்டைக் கழற்றினார். அதிகமாகப் பூசிய சிலிக்கான் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, புழு புழுவாக எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து அப்பா தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ஏளா, இது தட்டுக்குப் போடுத பசை. ஒங்க அண்ணன் வாய்க்குப் போடுத பசை இல்ல" என்றார்.

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் பழைய பசையை முழுக்கச் சுரண்டியெடுத்தது அவள்தான். மறுபடி கோடு இழுத்ததும் அவள்தான். இம்முறை ஒற்றைச் சுற்று, நூல் பிடித்த மாதிரி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இழுத்தாள். கோபம் குறைந்துவிட்டதென்று யாரும் நினைக்கவேண்டாம், அளந்து செலவழிக்கக் கற்றுக்கொண்டாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாமா சனையாவில் இரண்டாவது ஒர்க்‌ஷாப் திறந்தார். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், மானேஜரும் வந்திருந்தார். தரைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, முகம் தெரியும்படி வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து பந்தி தொடங்கிய நேரத்தில் அப்பா டேங்கரை நேராக உள்ளே ஓட்டி, நடுத்தரையில் நிறுத்தினார். "மாப்ளே, தரை புதுசு, வெளிய போடுங்க" என்று மாமா ஓடிவந்தார். அப்பா இன்ஜினை அணைக்காமல் இறங்கினார்.

பட்டுச்சேலையோடு அம்மா மண்டியிட்டாள். பையிலிருந்து ஒரு சரிகை வேட்டியை எடுத்தாள். அந்தப் பொங்கலுக்கு மாமா தங்கை வீட்டுக்குப் பொங்கப்படியாகக் கொடுத்த வேட்டி அது; அவர் பேசிய பேச்சுக்குப் பிறகு அப்பா அதைத் தொடவே இல்லை. அதை உதறி, இரண்டு மடிப்பும் பிரித்து, உறுமிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு அடியில் விரித்தாள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பந்தி நடந்துகொண்டே இருந்தது, ஆனால் புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். செந்திலின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, "நல்லாக் குனிஞ்சு பாருல" என்றேன். அவன் பார்த்தான். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு கிடைத்த எந்தப் பரிசும் அந்தக் குனிந்த தலைக்கு ஈடாகவில்லை.

பந்தி முடிந்ததும் அப்பா வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அம்மா வேட்டியை இரண்டு முனை பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சபைக்குக் காட்டினாள். பிறகு மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினாள். "தங்கச்சி செய்முறை அண்ணே. கட்டிக்கிடுங்க. ஒரு பொட்டு இல்ல."

மாமா வாங்கிக்கொண்டார். "சாப்புட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். நாங்கள் சாப்பிடவில்லை. வழியில் ஒரு மலையாளிக் கடையில் பரோட்டா தின்றோம். அப்பா சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. காம்பவுண்டுத் தண்ணீர் வேலை மறு வாரமே திரும்பி வந்தது. பேருந்தில் "லீக்கேஜ்" என்ற பெயரும் அதோடு ஒழிந்தது.

இப்போது நான் ஷார்ஜாவிலேயே வேலை பார்க்கிறேன். அந்த வில்லா இருந்த இடத்தில் பல மாடிக் கட்டிடம் நிற்கிறது. பழைய வண்டிகளுக்கு "முல்கியா" என்ற பதிவு அட்டையைப் புதுப்பிக்கமாட்டோம் என்று அரசாங்கம் சொன்ன காலத்தில் டேங்கர் இரும்புக் கடைக்குப் போனது. போன நாளிலும் அது ஒழுகவில்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மாவும் மாமாவும் ஊரில், அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள். மாமாவுக்கு மறதி நோய். அத்தையைத் தெரியவில்லை, செந்திலைத் தெரியவில்லை. அம்மா மட்டும் வாரம் தவறாமல் பார்க்கப் போகிறாள். பாசம் என்று நான் நினைத்திருந்தேன்.

போன லீவில் நானும் கூடப் போனேன். மாமா அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, அந்தப் பூங்காவில் சிரித்த அதே சிரிப்போடு கேட்டார்: "மாப்ள வண்டி இன்னும் ஒழுகுதா?"

ஒவ்வொரு வாரமும் இதைத்தான் கேட்கிறாராம். வேட்டியும் ஒர்க்‌ஷாப்பும் தோற்றதும் எல்லாம் அவர் தலையிலிருந்து போய்விட்டன. எங்களைக் கேலி செய்தது மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அம்மா, "இல்லண்ணே, ஒரு சொட்டு ஒழுகல" என்று சொல்லிவிட்டு வருகிறாளாம். அன்றைக்கு மகள் என் முன்னால் கேட்டதால் அவளுக்குப் பொறுக்கவில்லை. "மைனி, அந்த வேட்டிய எடுங்க" என்றாள். அத்தை பீரோவின் அடியிலிருந்து தேடி எடுத்துவந்தாள். ஒருநாளும் கட்டாத வேட்டி. அம்மா அதை உதறி மாமாவின் மடியில் விரித்தாள்.

இத்தனை வருடம் மடித்தே கிடந்ததில் மடிப்பு நெடுகப் பழுப்பேறி, நடுவில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. மாமா குழந்தையைப் போல அதன் மேல் விரலை வைத்தார்.

"பாத்தியா," என்றார். "ஒழுகிருக்கு."

அம்மா வேட்டியை அவர் மடியிலிருந்து உருவினாள். கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா கல்லில் வைத்துச் சோப்பைத் தேய்த்த தேய்ப்பில் சரிகை பிய்ந்துவிடும் போலிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நிக்காத," என்றாள். "ஒங்க அத்தைட்ட நீலம் இருக்கான்னு கேளு."